பாலாற்றங்கரையில் ஆடு மேய்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்: குடற்புழுவும் குரோமும்

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் எந்த ஊரில் ஆட்டுக்காரர்களிடம் பேச உட்கார்ந்தாலும் சீக்கிரமே ஒரு பேச்சு வந்துவிடும்: "ஆத்துத் தண்ணி குடிச்சுத்தான் ஆடு இப்படி ஆயிடுச்சு." சில நேரம் அது உண்மை. சில நேரம் வயிற்றில் புழு நிறைந்திருக்கும், ஆற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. இரண்டும் ஒரே ஆட்டில் சேர்ந்திருப்பதும் உண்டு, அப்போதுதான் ஆள் ஆளுக்கு ஒன்று சொல்லி வைத்தியம் தப்பிப்போகிறது. நான் கால்நடை மருத்துவர் இல்லை. ஆட்டுக்காரர்களோடு சேர்ந்து புழுக்கையைப் பரிசோதனைக்குக் கொண்டுபோவது, மருத்துவர் சொன்னதைத் திரும்ப வந்து சொல்வது, இதைச் சில வருடமாகச் செய்கிறேன். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

பாலாற்றில் தண்ணீரே ஓடுவதில்லை, அப்புறம் என்ன ஆற்று மாசு?

தண்ணீர் ஓடாததால்தான் பிரச்சினை பெரிதாகிறது. நந்தி மலையில் பிறந்து கர்நாடகம், ஆந்திரம் கடந்து தமிழ்நாட்டுக்குள் சுமார் 222 கிலோமீட்டர் வந்து கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் கடலில் சேரும் ஆறு இது. வருடத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல்தான். வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போனால் கழிவு நீர்த்துப்போகும். அது நடக்காத வருடங்களில் தோல் தொழிற்சாலைகள் ஓடையிலும் ஏரியிலும் விட்ட கழிவு அப்படியே மண்ணில் ஊறி, மணலுக்கு அடியில் இருக்கும் நிலத்தடி நீரில் கலந்துவிடுகிறது. கிணற்றில் உப்பு ஏறியதும் அப்படித்தான்.

சித்திரை வைகாசியில் கரையில் எங்கே பச்சை தெரிகிறது என்று பாருங்கள். சாக்கடையும் கழிவும் கசிகிற இடத்தில் மட்டும்தான் கோரையும் அருகும் பசேலென்று நிற்கும். சுற்றியுள்ள நிலமெல்லாம் கருகிக் கிடக்கும்போது ஊரிலுள்ள ஆடு மாடு மொத்தமும் அந்த ஒரு துண்டுக்குத்தான் போகும். அந்த ஈரத் துண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

தோல் தொழிற்சாலைக் கழிவில் அப்படி என்ன இருக்கிறது?

பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு, முடி நீக்கப் போடும் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும், தோலைப் பதப்படுத்தப் போடும் குரோமியம் சல்பேட். ஒரு கிலோ தோலுக்கு 30, 40 லிட்டர் தண்ணீர் வரை செலவாகும். போடுகிற குரோமில் முக்கால் பங்குக்கும் குறைவாகத்தான் தோல் பிடித்துக்கொள்ளும், மீதி தண்ணீரோடு வெளியே வருகிறது. மீட்டெடுக்கும் வசதியும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் வந்த பிறகு நிலைமை முன்பு போல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பல பத்தாண்டுகள் மண்ணில் இறங்கியது மண்ணில்தான் இருக்கிறது. உலோகம் மட்கிப் போகாது.

குரோமியத்தில் இரண்டு வகை தெரிந்திருக்க வேண்டும். பதனிடப் பயன்படுவது மூன்றிணைதிற குரோமியம், இது குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். ஆறிணைதிற குரோமியம் அப்படியல்ல, கரையும், உடம்புக்குள் ஏறும், ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ராணிப்பேட்டையில் குரோமேட் தயாரித்து 1990களின் நடுவில் மூடப்பட்ட ஒரு தொழிற்சாலை விட்டுப்போன கழிவுக் குவியல், சுமார் 2 லட்சம் டன், இந்த இரண்டாவது வகை குரோமியம் கொண்டது. மழை பெய்தால் அங்கிருந்து மஞ்சள் தண்ணீர் கசியும். எந்த ஊராக இருந்தாலும் தேங்கிய தண்ணீர் எலுமிச்சை மஞ்சளாகத் தெரிந்தால், பரிசோதனைக்குக் காத்திருக்காதீர்கள், ஆட்டை அந்தப் பக்கமே ஓட்டாதீர்கள்.

என் ஆடு இளைத்துக்கொண்டே போகிறது. புழுவா, கழிவுத் தண்ணீரா?

முதலில் கண்ணைப் பாருங்கள். ஆட்டை வெயிலில் நிறுத்தி, ஒரு கட்டைவிரலால் மேல் இமையை மூடி லேசாக அழுத்திக்கொண்டு, இன்னொரு கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்தால் உள்பக்கச் சதை வெளியே பிதுங்கும். அது நல்ல சிவப்பாக இருந்தால் சரி. இளஞ்சிவப்பு என்றால் கவனிக்க வேண்டும். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தால் அன்றைக்கே மருந்து தேவை. தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே 5 நிறம் கொண்ட அட்டை ஒன்றை உருவாக்கினார்கள், ஃபமாச்சா என்று பெயர், இப்போது உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அட்டை கையில் இல்லாவிட்டாலும் மந்தையில் திடமான நாலு ஆட்டின் கண்ணைப் பார்த்துவிட்டு இளைத்த ஆட்டின் கண்ணைப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

அடுத்தது தாடை. மேய்ந்துவிட்டு மாலையில் திரும்பும்போது தாடைக்கு அடியில் பை மாதிரி தொங்கும், தொட்டால் கொழகொழவென்று தண்ணீர் கட்டியது போலிருக்கும், காலையில் பார்த்தால் வற்றியிருக்கும். இது ரத்தம் போய்ப் புரதம் குறைந்ததன் அடையாளம். பெரும்பாலும் புழுதான்.

உலோக விஷத்துக்கு இப்படி ஒரு தனி அடையாளம் கிடையாது, அதுதான் தொல்லை. பசி குறையும், வளர்ச்சி நிற்கும், சினை பிடிப்பது தள்ளிப்போகும், இதெல்லாம் நூறு காரணத்தால் வரும். ஈயம் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி: மாடு பல்லை நறநறவென்று கடிக்கும், கண் தெரியாமல் சுவரில் முட்டும், சுற்றிச் சுற்றி வரும். அந்த ஈயம் பெரும்பாலும் ஆற்றிலிருந்து வருவதில்லை, குப்பையில் உடைந்து கிடக்கும் பழைய பேட்டரியை நக்கியதால் வருவது. கண் சிவப்பாக இருக்கிறது, புழுக்கைப் பரிசோதனையில் முட்டையும் இல்லை, ஆனாலும் மந்தையே மெலிகிறது என்றால் அப்போது தண்ணீரையும் மண்ணையும் சந்தேகப்படுவது நியாயம்.

ரத்தம் குடிக்கும் புழு என்கிறார்களே, அது எது?

ஹீமாங்கஸ். செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் நம் வெப்பத்தில் இதைவிடப் பெரிய எதிரிப் புழு இல்லை. இறந்த ஆடு ஒன்றை மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். நான்காவது இரைப்பையைத் திறந்ததும் உள்ளே சிவப்பு நூலும் வெள்ளை நூலும் சேர்த்து முறுக்கியது போல், 2, 3 சென்டிமீட்டர் நீளத்தில், நூற்றுக்கணக்கில் நெளிந்தன. சிவப்பு, அது குடித்த ரத்தம். வெள்ளை, அதன் கருப்பை. ஒரு புழு ஒரு நாளில் சுமார் 0.05 மில்லி ரத்தத்தை வீணாக்கும். கேட்க ஒன்றுமில்லை போலத் தோன்றும், ஆனால் 1,000 புழு இருந்தால் நாளுக்கு 50 மில்லி, ஒரு குட்டி எத்தனை நாள் தாங்கும்?

ஒரு பெண் புழு நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் போடும். புழுக்கையோடு நிலத்தில் விழுந்த முட்டை, ஈரமும் சூடும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் தொற்றும் நிலையிலுள்ள குட்டிப்புழுவாகிவிடும். பனித்துளி படிந்த புல்லில் அது மேலே ஏறி நிற்கும், ஆடு புல்லோடு விழுங்கும், மூன்று வாரத்தில் அதுவும் முட்டை போட ஆரம்பிக்கும். இந்தப் புழுவால் ஆட்டுக்குக் கழிச்சல் வராது என்பதை மறக்கவேண்டாம். புழுக்கை உருண்டையாக நன்றாகத்தான் போடுகிறது, அப்படியென்றால் புழு இல்லை என்று நினைத்து ஆட்டை இழந்தவர்கள் நிறைய.

கழிவுக்கும் புழுவுக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பு உண்டா?

உண்டு. எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி.

குரோமியத்தைப் புல் வேரிலேயே நிறுத்திக்கொள்ளும், இலைக்குக் கொஞ்சம்தான் ஏற்றும். அப்படியென்றால் ஆடு வயிற்றுக்குள் உலோகம் எப்படிப் போகிறது? மண்ணாகப் போகிறது. புல் உயரமாக இருக்கும்போது ஆடு நுனியைக் கடிக்கும். எல்லா ஆடும் ஒரே இடத்தில் மேய்ந்து புல் தரையோடு தரையாகிவிட்டால் கடிக்கும் ஒவ்வொரு வாயிலும் மண்ணும் வேரும் சேரும். அப்படிக் கட்டையாக மேயும் செம்மறியின் தீவனத்தில், காய்ந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மண்ணாக இருக்க முடியும். இப்போது புழுவின் கணக்கைப் பாருங்கள்: குட்டிப்புழுவில் பெரும்பகுதி புல்லின் கீழ் 5 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். கட்டையாக மேய்கிற ஆடு மண்ணையும் உலோகத்தையும் புழுவையும் ஒரே வாயில் எடுத்துக்கொள்கிறது. நான் முதலில் சொன்ன அந்த ஈரத் துண்டு புல்வெளி இரண்டுக்கும் ஒரே வாசல்.

அதனால் ஒரு நல்லதும் இருக்கிறது. புல் நாலு விரல் உயரத்துக்குக் கீழே போகாமல் மந்தையை மாற்றி ஓட்டினால் இரண்டையும் ஒரே வேலையில் குறைத்துவிடலாம். வெள்ளாட்டுக்கு வேலி மர இலை, கருவேல நெற்று, அகத்தி, சூபாபுல் தழை என்று தலைக்கு மேலே தீனி கிடைத்தால் இன்னும் நல்லது. புழு மரம் ஏறாது.

கறுப்பு ஆடு செம்பட்டையாகிறது, பிறந்த குட்டி பின்னங்கால் தள்ளாடுகிறது. இது என்ன?

தாமிரச் சத்துக் குறைவாக இருக்கலாம். ஆற்று மாசு என்றாலே நஞ்சு அதிகமாவது என்று நினைக்கிறோம், ஆனால் கழிவு ஒரு சத்தை இல்லாமலும் செய்யும். கழிவு நீரில் சல்பேட் அதிகம். குடிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் சல்பேட் போனால் அசை போடும் வயிற்றில் அது சல்பைடாக மாறித் தாமிரத்தைக் கட்டிப்போட்டுவிடும். மண்ணில் மாலிப்டினம் என்ற உலோகம் கூடுதலாக இருந்தால் இன்னும் மோசம். தீவனத்தில் தாமிரம் இருந்தும் ஆட்டுக்குச் சேராது. முடி நிறம் மங்கும், ரத்தசோகை வரும், சினையில் குறைந்தால் குட்டி நடக்கத் தடுமாறும்.

ரத்தசோகை என்றதும் கவனியுங்கள். கண் வெளுத்திருப்பதை வைத்துப் புழு என்று மருந்து கொடுக்கிறீர்கள், தேறவில்லை, மறுபடி கொடுக்கிறீர்கள். இங்கே குறை தாமிரமாக இருக்கலாம். சத்துக் குறைந்த ஆட்டுக்குப் புழுவை எதிர்க்கும் தெம்பும் குறையும் என்பதால் இரண்டும் கைகோத்துக்கொண்டும் வரும். ஆனால் நீங்களாகத் தாமிரம் வாங்கிக் கொடுக்காதீர்கள். செம்மறிக்குத் தாமிரம் கொஞ்சம் கூடினாலும் ஈரலில் சிறுகச் சிறுகச் சேர்ந்து, பிறகு திடீரென்று ஓரிரு நாளில் கொன்றுவிடும். மாட்டுக்கான தாது உப்புக் கலவையைச் செம்மறிக்குப் போடுவதும் இதனால்தான் தப்பு. ஆட்டுக்கென்றே உள்ள கலவையை, மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள்.

ஏரியிலும் வாய்க்காலிலும் நத்தை நிறைய இருக்கிறது. அதனால் என்ன?

நன்னீர் நத்தைதான் தட்டைப்புழுக்களின் நடுவீடு. கல்லீரல் தட்டைப்புழு ஒரு வகை நத்தையிலும், இரைப்பைத் தட்டைப்புழு இன்னொரு வகையிலும் வளர்ந்து வெளியே வந்து, தண்ணீரோரப் புல்லிலும் நெல் தாளிலும் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். இளம் இரைப்பைப் புழு அதிகமானால் நாற்றமடிக்கும் கழிச்சல் வரும். மாட்டுக்கு இன்னொன்று உண்டு: மூக்கின் ரத்தக்குழாயில் வாழும் புழு. மூக்கினுள் பூக்கோசு மாதிரி சதை வளர்ந்து மாடு குறட்டை விட்டபடி மூச்சுவிடும். இந்தப் புழுவை 1933இல் முதன்முதலாக விவரித்துப் பெயரிட்டது சென்னையில் பணியாற்றிய ராவ் என்ற ஆய்வாளர்தான். இது வாய் வழியாக வருவதில்லை, குட்டையில் நிற்கும்போது தோலைத் துளைத்து ஏறுகிறது. ஆகவே மாட்டைக் கலங்கிய குட்டையில் மணிக்கணக்கில் ஊறவிடாதீர்கள்.

ஆகாயத்தாமரையின் இலையடியைத் திருப்பிப் பாருங்கள், நத்தையும் அதன் கூழ் போன்ற முட்டைக் கொத்தும் ஒட்டியிருக்கும். கழிவு கடுமையாக இருக்கும் ஓடையில் நத்தையே பிழைக்காது, சாக்கடை கலந்து சத்து மிகுந்த, கழிவு நீர்த்த இடத்தில் பெருகும். நத்தை இல்லாத தண்ணீரைச் சுத்தமான தண்ணீர் என்று நினைத்துவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நத்தையைக் கொல்ல மயில்துத்தம் போடலாமா?

வேண்டாம். மயில்துத்தம் நத்தையைக் கொல்லும், அந்தக் காலத்தில் உலகமெங்கும் போட்டார்கள். ஆனால் அதுவும் தாமிரம்தான். மீனும் சாகும், உலோகம் அடிச்சேற்றில் தங்கும், அந்தத் தண்ணீரைக் குடித்த செம்மறிக்கு என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். ஏற்கெனவே உலோகம் ஏறிய ஆற்றில் நாமே இன்னொன்றைக் கரைக்க வேண்டுமா? கரையில் வேலி கட்டி, தண்ணீரைத் தொட்டிக்கு இறைத்துக் காட்டுங்கள். வாத்து மேயவிட்டால் நத்தையைத் தின்னும்.

மருந்து ஊற்றியும் புழு போகவில்லை, ஏன்?

பல இடத்தில் புழு மருந்துக்குப் பழகிவிட்டது. ஒரே மருந்தை வருடக்கணக்கில், எடை பார்க்காமல், குத்துமதிப்பாகக் குறைத்து ஊற்றியதன் விளைவு. பென்பெண்டசோல், ஆல்பெண்டசோல் வகைக்கு இந்த எதிர்ப்பு அதிகம். வெள்ளாட்டின் உடம்பு மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும், செம்மறிக்கான அளவு அதற்குப் பல மருந்துகளில் போதாது, இதைப் பாட்டிலில் தேடாமல் மருத்துவரிடம் கேளுங்கள். இளஞ்சினையில் ஆல்பெண்டசோல் கூடாது. தட்டைப்புழுவுக்கு மருந்தே வேறு: கல்லீரல் புழுவில் ஆக்சிகுளோசனைடு வளர்ந்ததைத்தான் கொல்லும், டிரைகிளாபெண்டசோல் இளம் பருவத்தையும் கொல்லும். மருந்து வேலை செய்ததா என்று தெரிய, கொடுக்கும் நாளில் ஒருமுறையும் 10 முதல் 14 நாள் கழித்து ஒருமுறையும் புழுக்கையில் முட்டை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மந்தை முழுக்க ஒரே நாளில் ஊற்றுவது எப்போதும் சரியல்ல. கண் வெளுத்ததற்கும், குட்டிக்கும், ஈன்ற தாய்க்கும் கொடுத்துவிட்டு, திடமானதை விட்டுவைத்தால் மருந்துக்குப் பழகாத புழுவும் மேய்ச்சலில் மிஞ்சியிருக்கும், மருந்தின் ஆயுள் கூடும்.

புழுவே உலோகத்தை உறிஞ்சிவிடுமாமே?

கேட்க விநோதமாக இருந்தாலும் இதில் உண்மை உண்டு. ஐரோப்பிய ஆறுகளில் ஒரு முள்தலைப் புழு, தான் வாழும் மீனின் சதையைவிட 2,700 மடங்கு வரை அதிக ஈயத்தைச் சேர்த்திருந்ததை ஜெர்மானிய ஆய்வாளர்கள் அளந்தார்கள். மாட்டின் கல்லீரல் தட்டைப்புழுவிலும் ஈரலைவிட அதிக ஈயம் இருந்தது. ஆற்றின் மாசை அளக்க இது உதவும். அதற்காகப் புழு இருந்தால் ஆட்டுக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்த ஆட்டின் கறி, பால் சாப்பிடலாமா?

உலோகம் முதலில் சேர்வது சிறுநீரகத்திலும் ஈரலிலும். ஈயம் எலும்பிலும் தங்கும். சதைக்கும் பாலுக்கும் வருவது மிகக் குறைவு. கழிவு ஓடையை ஒட்டி வருடக்கணக்கில் மேய்ந்த ஆடு என்றால் ஈரல், குண்டிக்காயைத் தவிருங்கள், முக்கியமாகப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காதீர்கள். தட்டைப்புழு இருந்த ஈரலையும் தள்ளிவிடுங்கள். புழு மருந்து கொடுத்த பிறகு பால், கறிக்கு எத்தனை நாள் விட வேண்டும் என்று பாட்டிலில் இருக்கும், அதைக் கடைப்பிடியுங்கள்.

எங்கே பரிசோதிப்பது?

காலையில் ஆட்டின் ஆசனவாயிலிருந்தே எடுத்த புழுக்கையைச் சின்ன டப்பாவில் போட்டு, ஆட்டின் அடையாளத்தை எழுதி, சூடேறாமல் அன்றைக்கே கால்நடை மருந்தகத்திலோ மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவிலோ கொடுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் மருத்துவ வண்டி வரும். தண்ணீரின் உப்பு, சல்பேட் அளவைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் பார்க்கலாம். குரோமியம், ஈயத்துக்கு அதற்கான கருவி உள்ள ஆய்வகம் வேண்டும், கொடுக்கும்போதே உலோகத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் பார்க்க மாட்டார்கள். மனிதர் குடிநீருக்கு மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் வரம்பு. கால்நடைக்கு 1 மில்லிகிராம் வரை என்று பல நாட்டு வழிகாட்டிகள் சொல்கின்றன. சீட்டைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த கேள்விக்கு அது தேவைப்படும்.

ஆடு செத்ததற்கு நஷ்டஈடு கிடைக்குமா?

மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியதற்கு இந்த ஆற்றங்கரை மக்களின் வழக்கும் ஒரு முக்கியக் காரணம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதை அந்தத் தீர்ப்பு குறிப்பிட்டது. ஈடு நிர்ணயிக்க ஓர் ஆணையமும் வந்தது. அப்படியிருந்தும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, விடுபட்டவர்களுக்கு ஈடு கொடுக்கச் சொல்லி உத்தரவிட வேண்டியிருந்தது. முப்பது வருடம்! அன்று கிணறு இழந்தவர்களில் எத்தனை பேர் இன்று உயிரோடு இருக்கிறார்கள் என்று நினைத்தால் கோபமாகத்தான் வருகிறது.

ஆட்டுக்காரர்களில் பலருக்கு நிலப் பட்டா கிடையாது, அதனால் நிலத்தை வைத்துக் கணக்கிடும் ஈட்டில் அவர்கள் பெயர் வருவது கடினம். ஆடு இறந்தால் உடற்கூறு ஆய்வு செய்யச் சொல்லி அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். வயிற்றில் புழு இல்லை என்று மருத்துவர் எழுதிய அறிக்கையும் தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டும் கையில் இருந்தால்தான் "புழுவால் செத்திருக்கும்" என்று சொல்லி உங்களை அனுப்ப முடியாது. புழு நீக்கத்தை ஒழுங்காகச் செய்து தேதியோடு நோட்டில் எழுதச் சொல்வதும் இதற்காகத்தான்.

காலையில் எத்தனை மணிக்கு அவிழ்த்துவிடலாம்?

பனி காய்ந்த பிறகு. மார்கழி, தையில் ஒன்பது மணிக்கு மேல் ஆகும். கையால் புல்லைத் தடவிப் பாருங்கள், உள்ளங்கை நனையக் கூடாது. கிளப்புவதற்கு முன் பட்டியிலேயே நல்ல தண்ணீர் காட்டிவிடுங்கள், வெயில் காலத்தில் வளர்ந்த ஆட்டுக்கு நாளுக்கு நாலைந்து லிட்டர் வேண்டும், மதியம் இன்னொரு முறையும் காட்ட வேண்டியிருக்கும். வயிறு நிறையக் குடித்த ஆடு வழியில் ஓடைத் தண்ணீரில் வாய் வைப்பது குறையும்.